தரத்தைக் கடையின் பெயர்ப்பலகையில் தேட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காய்கறியும் சோப்பும் விற்கும் பேரங்காடிகளில் பேட்டரியும் பிரேக் பேடும் வாங்குகிறவர்கள் தங்கள் குடும்பத்தாரின் உயிரைப் பெரிதாக எண்ணாதவர்கள் என்று பொருள்படும் ஒரு வரி, சென்ற இதழின் வாகனப் பராமரிப்புக் கட்டுரையில் இடம்பெற்றிருந்தது. பல ஆண்டுகளாகத் தங்கள் இதழை வாங்கிப் படித்துவரும் எனக்கு அது மிகுந்த மனவருத்தத்தைத் தந்தது. மனைவி மக்களை ஏற்றிச் செல்லும் காருக்கு எவரும் கண்ணை மூடிக்கொண்டு உதிரிபாகம் வாங்குவதில்லை.

பெரிய கடைகள் கார் பாகங்கள் விற்பது நேற்று முளைத்த வழக்கம் அல்ல என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அமெரிக்காவின் சியர்ஸ் கடைகள் டைஹார்டு பேட்டரியை 1967இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தன. கடையின் பெயரில் வருவதால் கடைக்காரரே செய்தது என்று ஆகிவிடாது. வால்மார்ட்டின் எவர்ஸ்டார்ட் பேட்டரிகளைத் தயாரித்துக் கொடுக்கும் கிளாரியோஸ் நிறுவனம் கார் நிறுவனங்களுக்கும் பேட்டரி வழங்குகிறது. கார் நிறுவனத்தின் முத்திரையோடு வரும் ஆயில் ஃபில்டரையும் பெரும்பாலும் வேறொரு தொழிற்சாலைதான் செய்து அனுப்புகிறது.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். அங்கீகாரம் பெற்ற சேவை மையம் ஒன்றில் எனக்கு மாட்டுவதற்காக எடுத்துவைத்த டயர்களின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கங்களைப் படித்து, அவை தயாரிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டதைச் சுட்டிக்காட்டினேன். அந்த எண்ணையெல்லாம் வாடிக்கையாளர் ஏன் பார்க்க வேண்டும் என்று மேலாளர் கேட்டார். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். இதைத் தெரிந்துகொள்ளப் பொறியியல் படிக்க வேண்டியதில்லை. பேரங்காடியிலோ, பேட்டரியின் மேல் ஒட்டியிருந்த தேதியை விற்பனைப் பெண்ணே காட்டி, என் கண்ணெதிரே மீட்டரை வைத்து, முழு சார்ஜைக் காட்டும் 12.6 வோல்ட் இருப்பதை உறுதிசெய்த பிறகே பில் போட்டார். அந்தப் பேட்டரி இன்றுவரை ஒரு குறையும் வைக்கவில்லை.

பேரங்காடியில் இருப்பதெல்லாம் நல்லது என்று நான் வாதிடவில்லை. சார்ஜ் ஏற்றப்படாமல் மாதக்கணக்கில் அலமாரியில் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து அதன் திறன் குறையும். அதை எந்தக் கடையில் வாங்கினாலும் நட்டம்தான். பிரேக் பேடில் ஐரோப்பாவின் ஆர்90 ஒப்புதல் போன்ற தரக்குறி இருக்கிறதா, எஞ்சின் ஆயிலின் தரமும், அதன் பாகுத்தன்மையைக் குறிக்கும் 5டபிள்யூ-30 போன்ற எண்ணும் காரின் கையேட்டோடு பொருந்துகின்றனவா என்று பார்த்து வாங்கச் சொல்லியிருந்தால், அக்கட்டுரையை நானே நண்பர்களுக்குக் கொடுத்திருப்பேன்.

வெளியில் வாங்கிய பாகத்தைப் பொருத்தினாலே உத்தரவாதம் போய்விடும் என்று முன்பு ஒருமுறையும் தங்கள் இதழ் எழுதியது. கார் நிறுவனம் அப்படி நிபந்தனை விதிப்பதை அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது என்பதைக் குறிப்பிட்டு அப்போதே கடிதம் அனுப்பினேன். அது பிரசுரமாகவில்லை, மறுப்பும் வரவில்லை. சென்ற இதழின் கட்டுரைக்கு எதிர்ப்பக்கம் முழுவதும் சேவை மையம் ஒன்றின் விளம்பரமாக இருந்ததைக் கண்டபோது அந்தப் பழைய வருத்தம் இரட்டிப்பாகிவிட்டது.

டயரிலும் பேட்டரியிலும் தயாரிப்புத் தேதியை எங்கே, எப்படிப் பார்ப்பது என்பதை அடுத்த இதழில் ஒரு சிறு கட்டத்திலாவது வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்