ஜூலையில் வா, கடல் பார்த்து வைத்திருக்கிறேன்

லேக் ஃபாரஸ்ட், கலிபோர்னியா
மே 18

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. வேலை அதிகம் என்று சொல்லித் தப்பிக்கலாம். உண்மை என்னவென்றால் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு, போன வாரம்தான் பிரித்தார்கள். எப்படி என்று கேட்பாய். வருகிறேன்.

அம்மா முட்டி ஆபரேஷன் முடிந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். நித்யாவுக்குப் பதினான்கு முடியப் போகிறது. என்னைவிட இரண்டு விரல் உயரம், நாக்கும் அப்படியே.

"அர்ஜுனுக்கு ஸ்கிம்போர்ட் பைத்தியம் பிடித்திருக்கிறது, நாங்கள் வருவதற்குள் நல்ல பீச் ஒன்று பார்த்து வை" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டாய். அந்த ஒரு வரியால் நான் பட்ட பாட்டைக் கேள்.

முதலில் உன் வீட்டம்மாவிடம் சொல், அவள் பயப்படுவது போல இது சர்ஃபிங் இல்லை. சர்ஃபிங்கில் உள்ளே நீந்திப் போய்க் காத்திருந்து அலையோடு கரைக்கு வருவார்கள். இதில் எல்லாம் தலைகீழ். பையன் கரையில் நிற்பான். அலை எழும்புவது தெரிந்ததும் பலகையோடு ஓடி, அதை ஈர மணல்மேல் வழியும் மெல்லிய தண்ணீரில் வைத்து, மேலே ஏறிச் சறுக்கிக்கொண்டே அலையைப் பார்த்துப் போவான். அலையில் மோதித் திரும்பி அதோடு கரைக்கு வருவான். எல்லாம் சேர்த்துப் பத்து விநாடி இருந்தால் அதிகம். பலகைக்கு அடியில் சர்ஃப்போர்டுக்கு இருப்பது போலத் துடுப்பு கிடையாது, வழவழவென்று இருக்கும். 1920களில் லகூனா பீச்சின் உயிர்காப்பாளர்கள் மரப்பலகையை வைத்துச் சறுக்கியதில் ஆரம்பித்தது என்கிறார்கள். அந்த லகூனா எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேர ஓட்டம். நீ கேட்ட இடம் என் கொல்லைப்புறத்தில் இருக்கிறது, நான்தான் ஊரெல்லாம் தேடினேன்.

முதல் சனிக்கிழமை கிரிஸ்டல் கோவ் போனோம். படத்தில் அவ்வளவு அழகு. போய்ச் சேர்ந்த நேரம் கடல் முழுக்க ஏறியிருந்தது. மணல் கையகலம், மீதி எல்லாம் கூழாங்கல்லும் பாறையும். நித்யா காரை விட்டு இறங்கவே மாட்டேன் என்றுவிட்டாள். அடுத்த வாரம் ஹன்டிங்டன் பீச். அங்கே மணலுக்குப் பஞ்சமே இல்லை, நம் மெரினா மாதிரி நடந்துகொண்டே இருக்கலாம். ஆனால் கரை தட்டை. அலை எங்கேயோ தூரத்தில் உடைந்து, காலடிக்கு வரும்போது வெறும் நுரை. ஓடிப்போய் எட்டிப்பிடிக்க அங்கே அலையே இல்லை.

அப்புறம்தான் மண்டையில் ஏறியது. பொடி மணலாக இருந்தால் கரை தட்டையாகப் படியும். பருமணலாக இருந்தால் ஏறி வந்த தண்ணீர் மணலுக்குள் இறங்கிவிடும், திரும்பி ஓடும் தண்ணீருக்கு மணலை இழுத்துப் போகும் பலம் இருக்காது, அதனால் கரை சரிவாக நிற்கும். சரிவான கரையில்தான் அலை கிட்ட வந்து, ஆள் நிற்கும் இடத்துக்குப் பத்துப் பதினைந்து அடியில் மடியும். ஸ்கிம்போர்ட்காரனுக்கு வேண்டியது அதுதான். அதற்காக ரொம்பச் சரிவும் உதவாது. திரும்பி ஓடும் தண்ணீர் அடுத்த அலையின் வயிற்றில் முட்டி இரண்டும் சேர்ந்து எகிறும், நடுவில் மாட்டினால் தலைகீழாகக் குத்தும்.

ஊரூர் குப்பத்தில் ஒரு தாத்தா இருந்தாரே, நினைவிருக்கிறதா? கட்டுமரத்தைத் தள்ளுவதற்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, பீடி அணைந்துபோனது கூடத் தெரியாமல் கடலையே பார்த்துக்கொண்டிருப்பார். "இன்னா தாத்தா பாக்கிற?" என்று நீ கேட்டாய். "எங்க வழி வுடுதுன்னு பாக்கிறேன்" என்றார். நாம் சிரித்தோம். அப்படி உட்கார்ந்து பார்க்க நான் நாற்பத்தெட்டு வயதில், லகூனாவில் இருக்கும் அலிசோ பீச்சில், கையை உடைத்துக்கொண்டு கற்றுக்கொண்டேன்.

அந்தக் கதை இதுதான். அலிசோவில் கரை சரிவு, அலை காலடியில். நித்யா பத்துத் தடவை போய் வந்தாள். பலகை தண்ணீரில் பட்டதும் சர்ர்ர் என்று ஒரு சத்தம், தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி. பார்த்துக்கொண்டே இருந்ததில் எனக்கும் ஆசை வந்துவிட்டது. பலகையை முன்னால் வீசி, அதன்மேல் குதித்தேன். பலகை முன்னால் போனது, நான் பின்னால் போனேன். கையை ஊன்றினேன், தீர்ந்தது கதை. வீசிக் குதிக்கவே கூடாதாம். ஓடுகிற வேகத்திலேயே பலகையை முன்னால் தாழ்வாக வைத்து, ஓட்டத்தை நிறுத்தாமல் அப்படியே நடந்து ஏற வேண்டுமாம். எக்ஸ்ரே எடுக்கப் போகும் வழியில் நித்யா பாடம் நடத்தினாள்.

அதற்குப் பிறகு கட்டுக்கையோடு துண்டு காவல் காப்பதுதான் என் வேலை. உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர வேறு என்ன செய்ய? பார்த்ததில் சில விஷயம் பிடிபட்டது. காலை ஒன்பது மணிக்குச் சொக்கத்தங்கமாக இருந்த இடம் பதினொன்றுக்குக் குட்டிச்சுவர். கடல் உச்சத்துக்கு ஏறிவிட்டால் அலை நேராகச் சரிவில் அறைகிறது, ஓட இடமில்லை. நன்றாக வற்றிவிட்டால் அலை தள்ளிப் போய்விடுகிறது. நடுவில் இரண்டு மணி நேரம்தான் கணக்கு. அந்த நேரமும் தினம் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும், நம் ஊரில் நிலா எழும் நேரம் தள்ளிப்போவது போல. பீச் பேரை மட்டும் கேட்டுக்கொண்டு போனால் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். இப்போது ஃபிரிட்ஜ் கதவில் ஏற்றவற்ற அட்டவணை ஒட்டியிருக்கிறேன், ராகுகாலம் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறோம்.

நீங்கள் ஜூலையில் வருவது நல்லதாயிற்று. அப்போது பூமியின் தென்பாதியில் குளிர்காலம். நியூசிலாந்துப் பக்கத்துப் புயல் கிளப்பிவிடும் அலை ஒரு வாரத்துக்கு மேல் பயணம் செய்து லகூனாவுக்கு வந்து சேரும். அந்தக் கரை தென்மேற்கே பார்த்து இருப்பதால் நேராக வாங்கிக்கொள்ளும். மணலும் கோடையில்தான் சேர்ந்து நிற்கும். குளிர்காலப் புயல் அதை அரித்துக்கொண்டு போனால் பாறை பல்லைக் காட்டும்.

என் திட்டத்தைச் சொல்கிறேன். முதல் இரண்டு நாள் ஹன்டிங்டன்தான். ஆமாம், நான் திட்டிய அதே இடம். கடல் வற்றும் நேரத்தில் அங்கே ஈர மணல் கண்ணாடி போட்ட மாதிரி மின்னும், ஒரு விரல்கடைத் தண்ணீர் நிற்கும். அலையை மறந்துவிட்டு, ஓடி ஏறிச் சறுக்க மட்டும் பழகட்டும். தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் உரசி உரசி நடக்கச் சொல். மணலுக்கடியில் திருக்கை படுத்திருக்கும், மிதித்தால்தான் குத்தும். உரசினால் விலகிப் போய்விடும்.

அப்புறம் அலிசோ. பார்க்கிங் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, உன் வீட்டம்மா உட்கார இடம் இருக்கிறது. மழை பெய்தால் மட்டும் போகக் கூடாது. ஓடை ஒன்று அங்கேதான் கடலில் கலக்கிறது, 72 மணி நேரம் தண்ணீரில் இறங்காதீர்கள் என்பார்கள். ஜூலையில் மழைக்கு வழியில்லை. கடைசியாக விக்டோரியா பீச், அதுவும் லகூனாவில்தான். இந்த விளையாட்டுக்காரர்களுக்கு அது கோயில் மாதிரி. 1976-இல் தொடங்கிய பலகைக் கம்பெனிக்கே அந்தப் பெயர்தான். தெருவில் வண்டி நிறுத்த இடம் கிடைத்தால் உன் அதிர்ஷ்டம், செங்குத்தாகப் படி இறங்க வேண்டும். கரையோரம் 1926-இல் கட்டிய ஒரு கோபுரம் நிற்கிறது, பார்க்கவே கதைப்புத்தகம் மாதிரி. அங்கே அர்ஜுன் விளையாட வேண்டாம், பெரிய பையன்களைப் பார்க்கட்டும்.

பார்க்க மட்டும் இன்னொரு இடமும் உண்டு, நியூபோர்ட்டில் வெட்ஜ். 1930களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் நீட்டினார்கள். அலை அந்தச் சுவரில் பட்டுத் திரும்பி அடுத்த அலையோடு சேர்ந்து கோபுரம் மாதிரி எழும்புகிறது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது நம் ஊர்தான் ஞாபகம் வந்தது. சென்னைத் துறைமுகத்துக்குக் கல் கொட்டினார்கள், தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமாயிற்று, வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்தது. எங்கே கல் போட்டாலும் கடல் ஒரு பக்கம் கொடுத்து ஒரு பக்கம் எடுத்துக்கொள்கிறது.

ஒன்று சொல்ல மறந்தேன். சரிவும் காலடி அலையும் என்று பார்த்தால் நம் பெசன்ட் நகர்க் கரை இதற்கெல்லாம் சளைத்ததில்லை. ஊர் திரும்பியதும் அவன் அங்கே இறங்கப் பார்ப்பான். அங்கே இழுப்பு எப்படி என்று உனக்கே தெரியும், எத்தனை பேரைத் தூக்கியிருக்கிறது. முட்டி அளவைத் தாண்ட விடாதே, தனியாக அனுப்பவே அனுப்பாதே. குப்பத்துப் பையன் யாராவது கூட நின்றால் நல்லது.

பலகை வாங்கிச் சுமந்துகொண்டு வராதே, விமானத்தில் அதற்குத் தனிக்காசு கேட்பார்கள். இங்கே வாடகைக்கு எடுக்கலாம். ஆள் எடைக்குத் தகுந்தபடிதான் பலகை. சிறிசாக எடுத்தால் அமிழ்ந்து நின்றுவிடும். எனவே அர்ஜுன் எத்தனை கிலோ என்று உடனே எழுது. போன வருடக் கணக்கு வேண்டாம், இப்போது நிறுத்துப் பார்த்து எழுது. அம்மா கையால் அரைத்த பருப்புப்பொடி ஒரு பாட்டில் கொண்டு வா.

உன்,
முரளி