ஆண்டறிக்கை 2024–25: வாசகர் வட்டத்தின் சட்டத் தகவல் மேசை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், வாசகர் வட்ட உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான செயல்பாடுகளை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன். வாசிப்புக் கூட்டங்களும் நூல் கொடையும் வழக்கம்போல் நடந்தன. அவற்றின் விவரம் பதிவேட்டில் உள்ளது. சனிக்கிழமை மாலைகளில் கிளை நூலகத்தில் நாம் நடத்திவரும் சட்டத் தகவல் மேசையைப் பற்றியே இவ்வறிக்கையில் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேசைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் தமக்கு நியாயம் உண்டா என்று கேட்டு வருவதில்லை. அதில் அவர்களுக்கு ஐயமே இல்லை. எந்த அலுவலகத்துக்கு, எந்தப் பத்திரத்தோடு, எந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்பதுதான் தெரிவதில்லை. புரோநோட்டின் பேரில் பணம் வசூலிக்க வழக்குப் போடுவதற்கு 3 ஆண்டுகளே கெடு என்பதும், கெடு முடியும் முன் கடன் வாங்கியவர் ஒரு தொகையைக் கொடுத்து நோட்டின் பின்புறம் தம் கையெழுத்தோடு வரவு வைத்தால் அந்தத் தேதியிலிருந்து காலம் புதிதாகக் கணக்காகும் என்பதும் வட்டித் தொழில் செய்பவருக்கு மனப்பாடம். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தை உறவினருக்குக் கைமாற்றாகக் கொடுத்தவர் இதை அறிவதில்லை. நாலாவது ஆண்டில்தான் நம்மிடம் வருகிறார். சட்டக் கல்வி என்று நாம் சொல்வது முதலில் இந்தக் கெடுக்களைப் பற்றிய கல்வியாக இருக்க வேண்டும் என்பது இவ்வாண்டு எனக்கு உறுதிப்பட்டது.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும், சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய சாக்ஷிய அதினியமும் நடைமுறைக்கு வந்தன. நம் மக்கள் பேச்சில் ஊறிய எண்கள் ஒரே நாளில் இடம் மாறின. தடையுத்தரவைக் குறித்த 144 இப்போது 163. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவோ மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்கான ஜீவனாம்சத்தைப் பற்றியது, முன்பு அது 125. மோசடிக்கு மறுபெயராகவே ஆகிவிட்ட 420, நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவின் நான்காம் உட்பிரிவாகிவிட்டது. ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்துவதால் இரண்டு எண்களும் சில காலம் சேர்ந்தே வழங்கும். நாம் அச்சிட்ட துண்டறிக்கையில் எண்களைவிடப் பயனை முன்னிறுத்தினோம்: குற்றம் எந்த நிலைய எல்லையில் நடந்திருந்தாலும் பிடியாணையின்றிக் கைது செய்தற்குரிய குற்றம் பற்றிய தகவலைக் காவல் நிலையம் ஏற்க வேண்டும், முதல் தகவல் அறிக்கையின் படியைக் கட்டணமின்றித் தர வேண்டும், நிலையத்தில் மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதலாம், அதன் பின் நீதித்துறை நடுவரிடம் போகலாம். புகார் கொடுத்ததற்குத் தரப்படும் சி.எஸ்.ஆர். ரசீது வேறு, முதல் தகவல் அறிக்கை வேறு என்பதைத் தடித்த எழுத்தில் போட்டோம். அந்த வரியைப் படித்துவிட்டு, தம் கையில் இருப்பது ரசீதுதான் என்று அறிந்து திரும்பவும் நிலையத்துக்குப் போனவர்கள் உண்டு.

இனி, நம்மால் நேர்ந்த ஒரு தவற்றைப் பொதுக்குழு அறிய வேண்டும். பணமின்றித் திரும்பிய காசோலையோடு வந்த ஒரு சிறு வியாபாரியிடம், கொடுத்தவர் தெரிந்தவர்தானே, கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள் என்று மேசையில் இருந்த நம் அன்பர் நல்லெண்ணத்தோடு சொல்லிவிட்டார். காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நடுவர் நீதிமன்றத்தில் முறையிட வேண்டும். வியாபாரி பொறுத்திருந்ததில் அறிவிப்புக்கான நாள் கடந்தது. மறுபடி வங்கியில் செலுத்திப் பார்க்கலாம் என்றால் காசோலையின் 3 மாத ஆயுளும் முடிந்திருந்தது. இப்போது அவருக்கு உரிமையியல் வழக்கு ஒன்றே மிச்சம். செயற்குழு சார்பில் நானும் தலைவரும் அவர் கடைக்குப் போய் வருத்தம் தெரிவித்தோம்.

அதன்பின் மேசைக்கு ஒரு விதி வகுத்தோம். சட்டம் என்ன சொல்கிறது, யாரிடம் போக வேண்டும், கெடு எப்போது என்பதைச் சொல்வோம். நீங்கள் இதைச் செய்யுங்கள், இதைச் செய்யாதீர்கள் என்று சொல்ல மாட்டோம். வழக்கு நடத்தும் தொழில் 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி வழக்கறிஞர்களுக்கே உரியது. தகவலுக்கும் ஆலோசனைக்கும் இடையிலுள்ள இந்தக் கோட்டைக் காப்பது கடினம், வருபவர் கண்கலங்கி நிற்கும்போது மிகவும் கடினம். ஆனாலும் காக்க வேண்டும்.

கோட்டுக்கு அப்பால் அவர்களைக் கைவிடுவதாகவும் ஆகிவிடக் கூடாது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 12-வது பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், காவலில் இருப்போர் ஆகியோர் வருமானம் எவ்வளவாயினும் இலவச வழக்கறிஞரைக் கேட்கலாம். இதை அறியாமல் தாலியை அடகு வைத்து வக்கீல் ஃபீஸ் கட்டிய பெண்களை இம்மேசையில் கண்டோம். 15100 என்ற உதவி எண்ணை ரேஷன் கடைச் சுவரிலும் பால் சங்கத்திலும் ஒட்டியிருக்கிறோம்.

வீட்டை மகனுக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டுக்கு அண்டை வீட்டை நம்பியிருந்த ஒரு பாட்டியை, நம் உறுப்பினர்கள் தாலுகா சட்டப் பணிகள் குழுவுக்கு அழைத்துச் சென்றார்கள். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, மகன் அதை மீறினால் 2007-ஆம் ஆண்டின் முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவின் கீழ் மீட்கக் கேட்கலாம். பாட்டியின் பத்திரத்தில் அந்த வரி இல்லை. அதனால் சொத்தின் வழி கரடுமுரடானது. மாதப் பராமரிப்புத் தொகைக்கோ அந்த வரி தேவையில்லை. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் அவர் மனு நிலுவையில் இருக்கிறது. பத்திரம் எழுதும் முன்பே பெற்றோரிடம் இந்த ஒரு வரியைப் பற்றிப் பேச வேண்டும் என்பதால், வரும் ஆண்டில் பத்திர எழுத்தர்களையும் நம் கூட்டத்துக்கு அழைக்கச் செயற்குழு முடிவு செய்துள்ளது.

தகவல் உரிமை மனு எழுதும் பயிற்சி நன்றாக நடந்தது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாட்களில் பதில், வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு என்பவை இப்போது நம் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும் தெரியும்.

செலவு துண்டறிக்கை அச்சுக்கு மட்டுமே; கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர் பயிற்சிக்கு நம்மிலிருந்து விண்ணப்பிக்க விரும்புவோர் இன்றே பெயர் கொடுக்கலாம். குறிப்பாகப் பெண் உறுப்பினர்களை வேண்டுகிறேன். மேசையில் ஆண்கள் மட்டுமே அமர்ந்திருந்த சனிக்கிழமைகளில், நாளிதழ்ப் பகுதி வரை வந்து, சற்று நின்று, எதுவும் கேட்காமலே திரும்பிச் சென்ற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். வாரம் ஒரு பெண் உறுப்பினராவது மேசையில் இருக்கும்படி முறை வைக்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இவண்,
செயலாளர்