பட்டியலில் பெயர், கூடவே விலக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறாரைப் படையில் சேர்க்கும் நாடுகளுக்கு ராணுவ உதவி கூடாது என்று 2008-ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்கா இயற்றிய சட்டத்தில், எழுத்தளவில் குறை காண்பது கடினம். துப்பாக்கி ஏந்தும் சிறுவனை மட்டுமன்றி, முகாமில் சமைக்கவும் சுமை தூக்கவும் தூது செல்லவும் பயன்படுத்தப்படும் பிள்ளைகளையும், பாலியல் அடிமைகளாக வைக்கப்படும் சிறுமியரையும் அது கணக்கில் கொள்கிறது. அரசுப் படையோ அரசின் ஆதரவு பெற்ற ஆயுதக் குழுவோ இதைச் செய்தால், அந்நாட்டின் பெயர் வெளியுறவுத் துறையின் ஆண்டுப் பட்டியலில் ஏறும்; ராணுவப் பயிற்சியும், ஆயுதம் வாங்குவதற்கான நிதியும், ஆயுத விற்பனை உரிமமும் நிற்க வேண்டும். ஆனால், நாட்டு நலன் கருதி அதிபர் விலக்கு அளிக்கலாம் என்றொரு பிரிவும் உண்டு. சட்டத்தின் பலம் கசிந்து போவது அந்தப் பிரிவின் வழியாகத்தான்.

2010-இல் வெளியான முதல் பட்டியலில் ஆறு நாடுகள் இருந்தன. அவ்வாண்டு அக்டோபரிலேயே சாட், காங்கோ ஜனநாயகக் குடியரசு, சூடான், ஏமன் ஆகிய நான்குக்கும் அதிபர் ஒபாமா விலக்கு அளித்தார். அந்த அரசுகள் திருந்த அவகாசம் வேண்டும், உதவியை நிறுத்தினால் அவற்றின் மீதுள்ள செல்வாக்கும் போய்விடும் என்று காரணம் கூறப்பட்டது. முதல் ஆண்டுக்கு நானும் இதை ஏற்றிருப்பேன். அவகாசம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் வழக்கமாக மாறியதைத்தான் ஏற்க முடியவில்லை. புதிதாகப் பிறந்த தெற்கு சூடானுக்கு 2012-இலும் 2013-இலும் விலக்கு கிடைத்தது. 2013 டிசம்பரில் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. அடுத்த மூன்று ஆண்டுகளில் அரசுப் படையும் எதிரணிகளும் சேர்த்த சிறார் 17,000-க்கும் மேல் என்று யுனிசெஃப் கணித்தது. விலக்குதான் இதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. காப்பாற்றியதாகக் கூறப்பட்ட செல்வாக்கு எங்கே பயன்பட்டது என்றுதான் கேட்கிறேன்.

இதே சட்டம் வேறு விதமாகவும் கையாளப்பட்டிருக்கிறது. 2011-இல் காங்கோவுக்கு முழு விலக்குத் தராமல் உதவியில் ஒரு பகுதி நிறுத்தி வைக்கப்பட்டது. சிறார் சேர்ப்பை ஒழிக்கும் செயல்திட்டத்தில் ஐ.நா.வுடன் கையெழுத்திடுமாறும் வலியுறுத்தப்பட்டது. 2012 அக்டோபரில் அந்த அரசு கையெழுத்திட்டது. அதே ஆண்டு மார்ச்சில், பதினைந்து வயதுக்கு உட்பட்டோரைப் படையில் சேர்த்ததற்காகக் காங்கோ ஆயுதக் குழுத் தலைவர் தாமஸ் லுபாங்காவைக் குற்றவாளி எனப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்ததால், நெருக்குதல் பல திசைகளிலிருந்தும் வந்தது என்பது உண்மைதான். ஆயினும் பாதி திறந்த கதவு, முழுதும் திறந்த கதவை விட அதிகம் சாதித்தது.

பட்டியலும் அரசியலுக்குத் தப்பவில்லை. 2017-இல் மியான்மரும் ஈராக்கும் அதிலிருந்து நீக்கப்பட்டபோது வெளியுறவுத் துறை அதிகாரிகள் சிலரே எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவித்தனர். மறு ஆண்டே இரண்டும் திரும்பச் சேர்க்கப்பட்டன. மறுபுறம், சிரியாவில் ஓர் ஆயுதக் குழுவுக்குத் துணை நின்றதற்காக 2021-இல் நேட்டோ உறுப்பினரான துருக்கியின் பெயரே பட்டியலில் ஏறியதையும் சொல்ல வேண்டும். புலிகள் சிறாரைச் சேர்த்ததையும், பின்னர் அரசின் பக்கம் வந்த கருணா அணி சேர்த்ததையும் ஐ.நா. அறிக்கைகளில் படித்த தமிழ் வாசகர்களுக்கு, அரசின் ஆதரவு பெற்ற குழுக்களையும் சட்டம் உள்ளடக்குவதன் அவசியத்தை விளக்கத் தேவையில்லை.

உதவி பெறும் அரசு பயனுள்ள நடவடிக்கைகளைத் தொடர்ந்து எடுத்து வருவதாக அதிபர் சான்றளித்தால்தான் விலக்கு என்று பின்னர் சட்டம் திருத்தப்பட்டது. அதன் பிறகும் விலக்குகள் நிற்கவில்லை. எனவே சான்றிதழோடு அதன் ஆதாரமும் வெளிவர வேண்டும்: எத்தனை சிறார் விடுவிக்கப்பட்டனர், ஆள்சேர்ப்பில் வயது எவ்வாறு சரிபார்க்கப்படுகிறது, முகாம்களுக்குள் ஐ.நா. பார்வையாளர்கள் முன்னறிவிப்பின்றி அனுமதிக்கப்படுகிறார்களா. இவற்றுக்கு விடையளிக்க முடியாத அரசுக்கு இரண்டாம் முறை முழு விலக்குத் தரக் கூடாது; உதவி தரும் ஏனைய நாடுகளும் இதே விதியைத் தமக்கு வகுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்