மனமுவந்து என்று எழுதும் முன்

தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தாருக்கு,

வணக்கம். 2024 ஜூனில் மாநிலங்களுக்கு நீங்கள் அனுப்பிய கடிதத்தைப் பற்றித்தான் இந்த மடல். புலிகள் காப்பகங்களின் உள்மண்டலங்களில், அதாவது புலிக்கென்றே ஒதுக்கிய நடுக்காட்டில், இன்னும் 591 ஊர்களும் 64,801 குடும்பங்களும் இருப்பதாகவும், இடம் மாற்றும் வேலை மெதுவாக நடப்பதாகவும் கவலைப்பட்டிருந்தீர்கள். கால அட்டவணையும் கேட்டிருந்தீர்கள். என் வேண்டுகோள் ஒன்றுதான். அந்த அட்டவணையைக் கைவிடுங்கள். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி அந்தக் காட்டில் வாழவும் அதைப் பயன்படுத்தவும் அந்த ஊர்களுக்கு உள்ள உரிமையை முதலில் எழுதிக் கொடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

சட்டத்தை உங்களுக்குச் சொல்லித்தர நான் யார்? உரிமைச் சரிபார்ப்பு முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது, கிராம சபை சம்மதிக்க வேண்டும், போகிறவர்கள் விருப்பத்தோடு போக வேண்டும். எல்லாம் தெரிந்ததே. அந்த 'விருப்பம்' என்ற இடத்தில்தான் எனக்கு இடறுகிறது.

காட்டுக்குள் ஓர் ஊர். கரண்டு கேட்டால், காப்பகத்தில் கம்பம் நடக் கூடாது என்கிறார்கள். பாதையைச் சரிசெய்யக் கேட்டாலும் அதே பதில். பாதைக்கும் மின்கம்பிக்கும் பள்ளிக்கும் ஒரு ஹெக்டேருக்குள் வன நிலம் ஒதுக்க அதே சட்டத்தின் 3(2) பிரிவு இடம் தருகிறது; அதைப் புரட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை. ஆகவே பிரசவ வலி கண்டவளை மூங்கிலில் போர்வை கட்டி, இருட்டில், யானை நிற்கிறதா என்று நின்று நின்று பார்த்துத் தூக்கிப் போகிறார்கள். அப்படி மனைவியைத் தூக்கி வந்தவனிடம் ஒருவர் போய், "கீழே இறங்கினால் 15 லட்சம், ஆஸ்பத்திரியும் பக்கம், கையெழுத்துப் போடுகிறாயா?" என்றால் என்ன செய்வான்? போடுவான். கோப்பில் 'மனமுவந்து' என்று ஏறிவிடும்.

உள்மண்டலத்தில் 20 சதவீதம் வரை சுற்றுலாவுக்கு விடலாம் என்பது உங்களுடைய 2012 வழிகாட்டுதல். ஜீப் சத்தம் புலிக்குப் பழகிவிட்டது போலிருக்கிறது. தேனெடுக்கப் போகிறவனின் காலடிதான் அதற்குத் தொந்தரவு!

கர்நாடகத்துப் பிலிகிரி ரங்கன மலையின் பழங்குடிகளான சோளகர்கள் 2011-இல் காப்பகத்துக்குள்ளேயே சமூக உரிமை பெற்றவர்கள். தரையில் சிறு தீ வைக்கும் தங்கள் வழக்கம் தடுக்கப்பட்ட பிறகுதான், புல்லை நெருக்கும் புதரான உண்ணிச்செடி காட்டை அடைத்தது என்று அவர்கள் பல காலமாகச் சொல்கிறார்கள். புல் போனால் மான் போகும், மான் போனால் புலி எதைத் தின்னும்? இதையெல்லாம் அவர்களை அனுப்பிவிட்டு யாரிடம் கேட்பீர்கள்?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் கேட்கிறேன்: அந்த அட்டவணையைக் கைவிடுங்கள். முடியாதென்றால், தயவுசெய்து மாநிலங்களிடம் இன்னோர் அட்டவணையும் கேட்டு வாங்குங்கள். 591 ஊர்களில் எத்தனைக்கு உரிமை கொடுத்தாயிற்று, மிச்சத்துக்கு எந்தத் தேதிக்குள் என்று.

இப்படிக்கு,
மலையூர்களுக்குப் போய்வரும் ஒருவன்