மதியம் 1.10 மணிப் படம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ கடைசியாக அனுப்பிய ஆள்காட்டிப் பறவையின் படத்தை இன்றும் எடுத்துப் பார்த்தேன். அது வந்து ஏழு வாரம் ஆகிறது. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும்.

படம் நன்றாகத்தான் இருக்கிறது. இறக்கையின் வெள்ளைப் பட்டை துளியும் கலங்காமல் விழுந்திருக்கிறது. ஷட்டர் வேகம் ஒரு நொடியில் 2000-இல் ஒரு பங்கு. நான் சொல்லிக்கொடுத்ததை மறக்கவில்லை நீ. ஆனால் வெயில் நேர் மேலிருந்து விழுகிறது, கண்ணே தெரியவில்லை. படத்தின் விவரத்தைத் திறந்து பார்த்தேன். செவ்வாய்க்கிழமை, மதியம் 1.10. வேலை நாளில் அங்கே எப்படி இருந்தாய் என்று நான் கேட்கவில்லை. உச்சிவேளையில் பறவைகளே நிழல் தேடி ஒதுங்கிவிடும், அதைத்தான் சொல்கிறேன். விடியற்காலையில் போ. தொப்பி போட்டுக்கொள். தனியாகப் போகாதே.

அப்புறம், அந்த ஆள்காட்டி வாயைத் திறந்து கத்திக்கொண்டு உன் தலைக்கு மேலே சுற்றுகிறது. பக்கத்தில் முட்டை இருந்திருக்கும். வெறும் தரையில், கூழாங்கல்லோடு கல்லாக நான்கு முட்டை வைக்கிற பறவை. வெயிலில் முட்டை சூடேறாமலிருக்க வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து உட்காரும். அந்த நேரத்தில் அதைக் கிளப்பிவிடலாமா? கத்தினால் பின்வாங்கிவிடு. இது உனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் நின்றிருக்கிறாய் என்றால் உன் கவனம் அங்கே இல்லை.

முக்குளிப்பான் படம் எடுத்தபோது நீ இப்படி இல்லை. சேற்றில் மூன்று மணி நேரம் படுத்துக் கிடந்தாய். தாய்ப் பறவையின் முதுகில் ஒரு குஞ்சு, அதன் வாயில் தாய் தன் இறகையே ஊட்டுகிறது. மீன் முள் குடலில் குத்தாமலிருக்கத்தான் அப்படி ஊட்டுகிறது என்பார்கள். நீ அங்கே இருப்பதே அந்தப் பறவைக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் படத்தைத்தான் முதலில் காட்டுகிறேன். அப்படிக் காத்திருக்கத் தெரிந்தவளுக்கு என்னோடு பேச ஐந்து நிமிடம் கிடைக்கவில்லை. அண்ணனைக் கேட்டால், "நல்லாத்தான் இருக்கா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறான்.

சரி, கூட்டுக்குப் பக்கத்தில் போகாதே என்று உனக்குச் சொல்ல எனக்கு அருகதை இல்லை. உன் பன்னிரண்டு வயதுப் படம், சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோமே, அந்தக் கொண்டைக்குருவிக் கூடு. இலை மறைக்கிறது என்று நீ சிணுங்கினாய். நீ செருப்பு மாட்டப் போன நேரத்தில் நான் இரண்டு கிளையை ஒடித்துவிட்டேன். மூன்று குஞ்சும் தெளிவாகத் தெரிந்தன. காக்கைக்கும் அப்படியே தெரிந்திருக்கும். மறுநாள் கூடு காலி. பறந்துபோய்விட்டன என்று உன்னிடம் சொன்னேன். முள்முள்ளாக இறகு அரும்பியிருந்த குஞ்சுகள் எப்படிப் பறக்கும்? நீ கையைத் தட்டிச் சிரித்தாய். அந்தப் படத்துக்குப் பரிசு வந்த அன்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ வருத்தப்படுவாய் என்றுதான் மறைத்தேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ என்னை வேறு மாதிரி பார்ப்பாயே என்ற பயம்தான் அது. கஷ்டமானதை மூடி வைக்கிற பழக்கத்தை நீ என்னைப் பார்த்துத்தான் கற்றிருப்பாய்.

அந்தப் படத்தை நேற்று சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். நீ வந்து மாட்டச் சொன்னால் மாட்டுகிறேன்.

இப்போது ஜன்னலுக்கு எதிரே ஒரு கொண்டைக்குருவி கூடு கட்டுகிறது. நார் கொண்டு வருவதும் போவதும் மட்டும் தெரிகிறது. மற்றதை இலை மறைக்கிறது, மறைக்கட்டும். உன் பைனாகுலரைத் துடைத்து ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். எந்தக் கிழமையானாலும் வா.

அம்மா