பிட் போக வழி விடு, நிவேதா

அன்புள்ள நிவேதா,

உன் ரிலே போர்டுக்கு (பி.சி.பி.) நீ அனுப்பிய கெர்பர் ஃபைலை, அதாவது செம்புக் கோடுகளின் வரைபடத்தை, திறந்து பார்த்தேன். போர்டு வரையும் கிகாட் சாஃப்ட்வேரில் டி.ஆர்.சி. என்ற விதிச் சோதனையை ஓட்டினால் ஒரு பிழையும் காட்டவில்லை, ஆனால் காலேஜ் லேபில் இருக்கும் 3018 என்ற சிறிய சி.என்.சி. செதுக்கும் மெஷினில் வெட்டி எடுத்தால் ஐ.சி. கால்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஷார்ட் என்று எழுதியிருந்தாய். இதையே கேட்கிறவர்கள் நிறைய பேர் இருப்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன். உன் ஃபைலைத்தான் உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

உன் சர்க்யூட்டில் தப்பில்லை. இதே லேஅவுட்டை பீன்யாவில் ஒரு பி.சி.பி. கம்பெனியிடம் கொடுத்திருந்தால் நன்றாகவே வந்திருக்கும். அங்கே செம்பைக் கெமிக்கல் அரிக்கிறது, 0.2 மி.மீ. சந்துக்குள்ளும் அது போய்விடும். உன் மெஷினில் அந்தச் சந்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு கார்பைடு முனை, அதாவது பிட், போக வேண்டும். நீ போட்டிருப்பது 0.4 மி.மீ. எண்ட் மில், அதாவது நேரான உருளை பிட். கிகாட் தானாக வைக்கும் கிளியரன்ஸ், அதாவது இரண்டு செம்புக்கு நடுவே விடும் சந்து, 0.2. உன் அட்மெகா 328 ஐ.சி. இருக்கும் டி.கியூ.எஃப்.பி. என்ற தட்டைப் பேக்கேஜில் கால்களுக்கு நடுவே மையத்துக்கு மையம் 0.8 மி.மீ., காலைப் பற்றவைக்கும் செம்புத் திட்டான பேடின் அகலம் அரை மி.மீ.க்கு மேல். மிச்சம் 0.3-ஐத் தாண்டாது. அதில் 0.4 எப்படி நுழையும்?

நுழையாது என்பதை, கெர்பரை மெஷின் பாதையாக மாற்றும் ஃபிளாட்கேம் சாஃப்ட்வேர் உனக்குச் சொல்வதும் இல்லை. ஒவ்வொரு செம்புப் பகுதியையும் டூல் அகலத்தில் பாதி அளவுக்கு வெளியே ஊதிப் பெருக்கி, அந்த விளிம்பில்தான் அது பாதை போடுகிறது. பெருத்த இரண்டு பேடுகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் இரண்டையும் ஒரே பகுதியாக எண்ணி, மொத்தமாகச் சுற்றி வந்துவிடும். நீ வைத்திருக்கும் பழைய வெர்ஷனில் இதற்கு எச்சரிக்கை எதுவும் கிடையாது. மெஷினுக்கான கட்டளையான ஜி-கோடு வந்துவிட்டதே என்று நாமும் ஓட்டிவிடுவோம். செம்பைப் பிரிக்கும் ஐசொலேஷன் பாதை வந்ததும் பெரிதாக்கி, ஒவ்வொரு ஐ.சி. காலுக்கும் நடுவே கோடு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மெஷின் பக்கம் போக வேண்டும்.

ஆகவே லேஅவுட் வரைவதற்கு முன்னால் பிட்டின் அளவு கையில் இருக்க வேண்டும். பாக்கெட்டில் அச்சடித்த அளவை நம்பாதே. உன் மெஷினில் மாட்டினால் அது எவ்வளவு அகலம் வெட்டுகிறது என்பதுதான் கணக்கு. எண்ட் மில்லுக்கு இது சுலபம், விட்டத்தோடு, பிட்டைப் பிடிக்கும் சக்கின் ஆட்டத்தைக் கூட்டிக்கொண்டால் போதும். கூம்பு முனை கொண்ட வி-பிட்தான் ஏமாற்றும், ஏனென்றால் ஆழம் மாறினால் அதன் அகலமும் மாறும். முனையின் அகலத்தோடு, ஆழத்தை இரண்டால் பெருக்கி, கோணத்தில் பாதியின் டேன் மதிப்பால் பெருக்கிக் கூட்ட வேண்டும். முனை 0.1 மி.மீ., கோணம் 30 டிகிரி என்றால் 0.1 ஆழத்தில் வெட்டு அகலம் 0.154. அதே இடத்தில் போர்டு 0.1 மேடாக இருந்தால் ஆழம் 0.2 ஆகி, அகலம் 0.207 ஆகும். 60 டிகிரி பிட்டில் இதே மேடு 0.215-ஐ 0.331 ஆக்கிவிடும்; பக்கத்து டிராக், அதாவது செம்புக் கோடு, அந்த அளவுக்கு மெலியும். பள்ளமாக இருந்தாலோ பிட் செம்பைத் தொடாமலே போய்விடும். செம்பின் தடிமன் 0.035 மி.மீ.தான், அதற்கே இவ்வளவு பாடு. 30 டிகிரியே வாங்கு. முனை சீக்கிரம் ஒடியும் என்பது உண்மைதான், ஆனால் அகலம் கைக்கு அடங்கி இருக்கும்.

வரையும் முன் ஒரு சோதனைத் துண்டு வெட்டிப் பார். 0.15-லிருந்து 0.5 வரை 0.05 கூட்டிக்கொண்டே போகும் சந்துகளோடு, பக்கம் பக்கமாகச் செம்புப் பட்டைகள். மல்டிமீட்டரை பீப்பில் வைத்துத் தொட்டுப் பார்த்தால் எந்தச் சந்திலிருந்து பட்டைகள் பிரிகின்றன என்று தெரியும். அதற்கு மேல் 0.1 விட்டு அதை உன் கிளியரன்ஸாக வைத்துக்கொள். ஃபிளாட்கேமில் டூல் விட்டம் கேட்கும் இடத்தில் வி-பிட்டின் முனை அளவைப் போடாதே, இப்படி அளந்த அகலத்தைப் போடு. பேக்கேஜ், டிராக், பேடு என்று மற்ற முடிவெல்லாம் இதற்குப் பிறகுதான்.

கிகாட்டின் போர்டு செட்டப்பில் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ், நெட் கிளாஸ் இரண்டு இடத்திலும் மாற்று. மிகக் குறைந்த கிளியரன்ஸ் 0.4, சிக்னல் டிராக் 0.8, சப்ளை டிராக் 1.5. மாற்றியதும் டி.ஆர்.சி.யே உன் ஐ.சி. கால்களைச் சிவப்பாகக் காட்டும். 0.8 அகலம் மின்னோட்டத்துக்காகச் சொல்லவில்லை. 1 மி.மீ. டிராக் 10 டிகிரி சூடேற்றத்தோடு 2 ஆம்பியருக்கு மேலேயே தாங்கும். சால்டரிங் அயர்ன் பட்டதும் மெல்லிய டிராக் போர்டிலிருந்து உரிந்து வந்துவிடும், அதற்காகத்தான்.

இனி ஐ.சி. இரண்டு வழி இருக்கிறது. ஐ.சி.யின் பேடு வரைபடமான ஃபுட்பிரிண்டைத் திறந்து பேடு அகலத்தை 0.38 ஆக்கினால் 0.42 சந்து கிடைக்கும், 0.4 எண்ட் மில் மயிரிழையில் போகும். சக் கொஞ்சம் ஆடினாலும் பேடு அரைபட்டுவிடும். என் யோசனை, முதல் போர்டுக்கு துளையில் கால் இறங்கும் 28 கால் டிப் பேக்கேஜே போடு. கால் இடைவெளி 2.54, பேடை 1.5-க்கு 2.5 என்று நீள்வட்டமாக்கினால் நடுவே 1.04 மிஞ்சும். அதற்குள் டிராக் ஓட்ட ஆசைப்படாதே. கிளியரன்ஸ் இரண்டு பக்கமும் போனால் 0.24-தான் டிராக்குக்கு. ஐ.சி.யின் வயிற்றுக்கு அடியில் இரண்டு வரிசைக்கும் நடுவே 5 மி.மீ. சும்மா கிடக்கிறது; 0.8 டிராக் மூன்று தாராளமாகப் போகும். எந்த ரிலே எந்தப் பின்னில் என்பதை முதலிலேயே முடிவு கட்டாதே. டிராக் குறுக்கே வராதபடி வரைந்துவிட்டு, பின் எண்ணைப் புரோகிராமில் மாற்றிக்கொள்ளலாம். அப்படியும் குறுக்கே வந்தால் 1206 என்ற, துளை வேண்டாத சைஸில் ஒரு ஜீரோ ஓம் ரெசிஸ்டர் போடு. அதன் இரண்டு பேடுக்கும் நடுவே சுமார் 1.8 மி.மீ., அதாவது 0.5 இடம், 0.8 டிராக், 0.5 இடம். பாலம் கட்டிய மாதிரி கச்சிதமாகப் பொருந்தும். அதைவிடச் சிறிய 0603 எல்லாம் இங்கே வேண்டாம்.

அடுத்தது உன் ஃபைலில் நான் பார்த்த பெரிய சிக்கல். எல்லா டிராக்கையும் மேல் லேயரில் போட்டிருக்கிறாய், டெர்மினல் பிளாக்கும் ரிலேயும் அதே பக்கம் நிற்கின்றன. கம்பெனி போர்டில் துளைக்குள் செம்பு பூசியிருக்கும், அடியில் பற்றவைத்தால் மேலே கனெக்‌ஷன் வந்துவிடும். மில்லிங்கில் அந்தப் பூச்சு கிடையாது. செம்பு இருக்கும் பக்கத்தில்தான் பற்றவைக்க வேண்டும். சுகர் க்யூப் ரிலேயின் கால் அதன் உடம்புக்கு அடியில் ஒளிந்திருக்கும், அயர்னை எங்கே வைப்பாய்? ஆகவே டிராக் எல்லாம் கீழ் லேயர், பெரிய பார்ட்ஸ் மேலே, 1206-களைத் தேர்ந்து ‘எஃப்’ விசையை அழுத்திக் கீழே திருப்பிவிடு.

கீழ் லேயர் என்றதும் கண்ணாடிப் பிரதிபலிப்பு வரும். கிகாட் கீழ் லேயரை மேலிருந்து ஊடுருவிப் பார்ப்பது போல எழுதுகிறது. நீ வெட்டும்போது செம்புப் பக்கம் உன்னைப் பார்த்திருக்கும். ஃபிளாட்கேமில் செம்பு, துளை, வெளிவிளிம்பு மூன்றையும் ஒரே அச்சில் திருப்ப வேண்டும். செம்பை மட்டும் திருப்பித் துளையை மறந்தால் துளைகள் பேடுகளில் விழாது. கீழ்ச் செம்பில் 3 மி.மீ. உயரத்தில், 0.5 கோட்டுத் தடிமனில் ‘எஃப்’ என்ற ஆங்கில எழுத்தைப் போட்டுவை. திருப்பியபின் திரையில் அது நேராகப் படிக்க வந்தால் சரி.

ஏற்றுமதி செய்யும்போது ஆரிஜினை, அதாவது ஜீரோ புள்ளியை, போர்டின் இடது கீழ் மூலையில் வைத்து, கெர்பர், டிரில் இரண்டிலும் அதையே பயன்படுத்தச் சொல்லி டிக் செய். ஒன்றில் செய்து மற்றதில் விட்டால் துளைகள் போர்டுக்கு வெளியே எங்கேயோ போய் நிற்கும். டிரில் ஃபைல் மில்லிமீட்டர், டெசிமல் வடிவில் இருக்கட்டும். பூஜ்யத்தை வெட்டி எழுதும் வடிவங்களை ஃபிளாட்கேம் சில சமயம் தப்பாகப் படித்துத் துளைகளைப் பத்து மடங்கு தள்ளிப் போட்டுவிடும்.

துளைக்கு இரண்டு பிட் போதும். ஐ.சி. சாக்கெட், ரெசிஸ்டர், பி.சி.547 எல்லாவற்றுக்கும் 0.8, ஹெடருக்கும் 4007 டயோடுக்கும் 1.0. டெர்மினல் பிளாக், ரிலேயின் 1.3 துளைகளை 0.8 எண்ட் மில்லாலேயே சுற்றி வெட்டிவிடு. பிட் மாற்றும் ஒவ்வொரு முறையும் இசட் அச்சைப் புதிதாக ஜீரோ செய்ய வேண்டும், அதனால் பிட் குறைந்தால் தப்பும் குறையும்.

கிரவுண்டை நீ டிராக்காக இழுத்திருப்பதை எடுத்துவிட்டு, கீழ் லேயர் முழுக்கச் செம்பு நிரப்பி கிரவுண்டோடு சேர். மில்லிங்கில் செம்பை விட்டு வைப்பதுதான் லாபம், வெட்டும் வேலை மிச்சம். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பற்றவைக்கும்போது ஈயம் பக்கத்துக்குப் பாயாமல் இருக்க மூன்று சுற்று ஐசொலேஷன் போடுவோம். 0.2 அகலம், ஒரு சுற்று மற்றதன் மேல் 30 சதவீதம் ஏறும் என்றால் மூன்று சுற்றில் 0.48 மி.மீ. செம்பு போகும். இரண்டு டிராக்குக்கு நடுவே சரியாக 1 மி.மீ. இருந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து 0.96 போய், நடுவில் 0.04 மி.மீ. இழை ஒன்று மிஞ்சும். பிட் அதிர்வில் அது கழன்று சுருண்டு, வேறெங்கோ குறுக்கே விழுந்து ஷார்ட் ஆக்கும், கண்ணுக்கே தெரியாது. செம்பு நிரப்பி அதன் கிளியரன்ஸை 0.5 என்று வைத்தால் எங்கும் ஒரே அகலச் சந்து, இழைக்கு இடமே இல்லை. தொடர்பில்லாத தீவுகளை நீக்கச் சொல்லிவிடு. பேடைச் செம்போடு மெல்லிய பாலங்களால் மட்டும் இணைக்கும் தெர்மல் ரிலீஃப் கட்டாயம், இல்லையென்றால் கிரவுண்டு காலில் ஈயம் உருகவே உருகாது.

இங்கே எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் காப்பர் கிளாட் (செம்பு ஒட்டிய போர்டு) என்று கேட்டால் இரண்டு ரகம் எடுத்துப் போடுவார்கள். பழுப்பாக இருப்பது பேப்பர் ஃபினாலிக், அதாவது எஃப்.ஆர்.1. வெளிறிய பச்சையாக, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே நெசவு தெரிவது கிளாஸ் எப்பாக்ஸி, எஃப்.ஆர்.4. முதல் ரகத்தையே வாங்கு. கண்ணாடி நார் வி-பிட்டின் முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும். முனை மழுங்கினால் நீ அளந்த அகலமெல்லாம் வீண். அதன் தூள் நுரையீரலுக்கும் ஆகாது. எஃப்.ஆர்.1-க்கும் குறை உண்டு: ஈரத்தை இழுத்து வளையும், சூடு அதிகமானால் செம்பு உரியும். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கனமான எதற்காவது அடியில் தட்டையாக வை.

மெஷினில், எம்.டி.எஃப். பலகை மேல் டபுள் சைடு டேப்பைப் பட்டை பட்டையாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒட்டி, போர்டை நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்து. மெஷினை ஓட்டும் கேண்டில் சாஃப்ட்வேரில், போர்டின் மேடுபள்ளத்தை அளக்கும் ஹைட் மேப் எடுக்காமல் தொடங்காதே. ஒரு கிளிப் செம்பில், ஒன்று பிட்டில். முதலில் கையால் பிட்டில் செம்பைத் தொட்டு, புரோப் சிக்னல் வருகிறதா என்று பார். வராவிட்டால் பிட் நேராகப் போர்டுக்குள் இறங்கி ஒடியும். 60-க்கு 80 மி.மீ. போர்டுக்குப் பத்து மி.மீ.க்கு ஒரு புள்ளி என்றால் 63 புள்ளி, அது போதும். பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலைப் போடும் முன் பிட்டிலிருக்கும் கிளிப்பைக் கழற்று. ஆழம் 0.1, வேகம் நிமிடத்துக்கு 120 மி.மீ., இறக்கம் 40.

ஓரத்தை உணரும் லிமிட் ஸ்விட்ச் இல்லாத மெஷினில் நடுவே கரண்ட் போனால் இடம் மறந்துவிடும். போர்டுக்கு வெளியே, ஆரிஜினிலிருந்து குறித்து வைத்த தூரத்தில் ஒரு 0.8 துளை முதலிலேயே போட்டுவிட்டால் அதே டிரில் பிட்டை அதில் இறக்கித் திரும்ப ஜீரோ பிடிக்கலாம். வரிசை இதுதான்: ஐசொலேஷன், துளை, கடைசியில் வெளிவிளிம்பு. விளிம்பை 0.8 எண்ட் மில்லில் தடவைக்கு 0.4 ஆழமாக இறங்கு. நான்கு இடத்தில் வெட்டாத சிறு பாலம் விட்டால் கடைசிச் சுற்றில் போர்டு துள்ளாது.

வெட்டியதும் ஸ்காட்ச் பிரைட்டால் லேசாகத் தேய்த்து, ஐ.பி.ஏ. (ஐசோபுரொபைல் ஆல்கஹால்) தொட்டுத் துடைத்து, பார்ட்ஸ் வைக்கும் முன்பே பக்கத்துப் பக்கத்து நெட்டுகளை, அதாவது தனித்தனி இணைப்புகளை, மீட்டரில் பார். ஷார்ட் இருந்தால் பிளேடு முனையால் சந்தைக் கீறிவிடு. அயர்ன் 320 டிகிரிக்கு மேல் வேண்டாம், ஒரு காலில் மூன்று செகண்டுக்கு மேல் நிற்காதே.

ரிலே 12 வோல்ட் வால்வை ஓட்டும் வரை இதெல்லாம் பொருந்தும். 230 வோல்ட் மோட்டாரை இந்தப் போர்டு வழியாக எடுக்காதே, அது வேறு கணக்கு. திருத்திய ஃபைலை அனுப்பும்போது ஃபிளாட்கேமில் ஐசொலேஷன் பாதையின் படத்தையும் சேர்த்து அனுப்பு. கெர்பரை விட எனக்கு அதுதான் வேண்டும்.

அன்புடன்,
சித்தப்பா
அல்சூர், பெங்களூரு