இசைக்கு மேல் குரல் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளுக்கான படங்களை நேரடி இசைக்குழுவுடன் திரையிடுவது குறித்துத் தங்கள் ஞாயிறு இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பெர்லினில் ஏழு வயது மகளை அத்தகைய காட்சி ஒன்றுக்கு அழைத்துச் சென்றவன் என்ற முறையில், அதில் இடம்பெறாத ஒரு குறையைக் குறிப்பிட விரும்புகிறேன்.

நாங்கள் பார்த்தது ஜெர்மானியப் பெண் இயக்குநர் லோட்டே ரைனிகரின் ‘இளவரசர் அஹ்மதின் சாகசங்கள்’ என்ற ஊமைப்படம். இன்று எஞ்சியிருக்கும் முழுநீள அசைவூட்டப் படங்களுள் மிகப் பழையது அது. கறுப்பு அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, மூட்டுகளைக் கம்பியால் இணைத்து, கீழிருந்து ஒளியூட்டிய கண்ணாடி மேசையின்மீது அந்த உருவங்களை மயிரிழை மயிரிழையாக நகர்த்திப் படம்பிடித்து, ஆயிரத்தொரு இரவுகளின் கதைகளை அவரும் அவருடைய கணவர் கார்ல் கோக்கும் சிறு குழுவினரும் 1923 முதல் 1926 வரை பாடுபட்டுத் திரைக்குக் கொண்டுவந்தார்கள். 1926 மே 2 அன்று இதே நகரின் ஃபோல்க்ஸ்பியூனே அரங்கில் முதன்முதலாகக் காட்டப்பட்டபோது, வோல்ஃப்காங் ட்செல்லர் இப்படத்துக்கென்றே எழுதிய இசையை வாத்தியக் குழுவினர் நேரில்தான் வாசித்தார்கள்.

நிழலுருவங்களின் முகத்தில் சிரிப்பும் தெரியாது, கண்ணீரும் தெரியாது. அவற்றின் உள்ளத்தை நமக்குக் காட்டுபவை கையசைவும் இசையும் மட்டுமே. நாங்கள் சென்ற அரங்கிலோ, ஒருவர் ஒலிபெருக்கியில் தொடர்ந்து கதை சொல்லிக்கொண்டே இருந்தார். மாயக் குதிரை வானில் எழ, வயலின்களும் அதனுடன் மேலெழும் அந்த அருமையான நேரத்தில், குதிரை பறக்கிறது என்ற அறிவிப்பே எங்கள் காதில் விழுந்தது. இசைஞர்களின் உழைப்பெல்லாம் அந்தக் குரலுக்கு அடியில் அமுங்கிப்போனதை எண்ணி மனம் வருந்தினேன்.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தைகளுக்குப் படத்தின் இடையே வரும் வாசக அட்டைகள் விளங்காது என்ற கவலையே இதற்குக் காரணம் என்பதை அறிவேன். அந்தக் கவலை நியாயமானதே. ஆயினும், மந்திரவாதியும் சூனியக்காரியும் விலங்குருக்களாக மாறி மாறிப் போரிடும் கட்டத்தில் கதை சொல்பவர் சற்று ஓய்ந்தபோது, அதுவரை நெளிந்துகொண்டிருந்த குழந்தைகள் அத்தனை பேரும் அசையாமல் பார்த்ததையும், என் மகள் என் கையை இறுகப் பற்றிக்கொண்டதையும் மறக்க முடியவில்லை. அங்கே எந்தக் குழந்தைக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

படம் தொடங்குமுன் பத்து நிமிடம் கதையைச் சொல்லி, எந்த வாத்தியம் எப்படி ஒலிக்கும் என்பதையும் வாசித்துக் காட்டிவிடலாம். பிறகு, திரையில் அட்டை தோன்றும்போது மட்டும் அதிலுள்ள வாசகத்தைப் படித்தால் போதும். இத்தகைய காட்சிகளை நடத்த முன்வரும் தமிழ் அமைப்புகள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன். தாங்களும், காட்சி நடைபெறுவதற்கு முந்தைய வாரம் அந்தக் கதையைச் சிறுவர் பகுதியில் வெளியிட்டால், பெற்றோர் அதை இரவில் பிள்ளைகளுக்குச் சொல்லி அழைத்து வருவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெர்லின்.